தொற்று விசாரணைக்கு போன் வந்தால் எதைச் சொல்லலாம்?

தொற்று காலத்தில் சுகாதார ஆய்வாளர் போன் செய்தால், எந்த நாளில் எங்கே போனீர்கள், யாருடன் நெருங்கி இருந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓடிபி, வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் பின் ஆகியவற்றுக்கு அங்கே வேலையே இல்லை. கேட்டால் உடனே துண்டித்துவிட்டு, தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்து விசாரியுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வாட்ஸ்அப். கொரோனா நாட்களில் நோயாளிகளின் பெயரும் முகவரியும் தெருக் குழுக்களில் சுற்றின. வாசலில் நோட்டீஸ் ஒட்டிய வீட்டாரிடம் அக்கம்பக்கத்தார் பேசவே தயங்கினார்கள், பாவம். உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. நோயாளிகள் பட்டியல் உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.