பாலைக்காடையைத் துரத்தாமல் படம் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சோனோரா பாலைவனத்தில் கேம்பல் காடையைப் பார்ப்பது சுலபம். சுமார் 25 செ.மீ. நீளம், நெற்றியிலிருந்து முன்னால் வளைந்து நிற்கும் கறுப்புக் கொண்டை. படம் பிடிப்பதுதான் பெரும்பாடு. இது பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும் பறவை. பின்னால் போனால் புதருக்குள் மறையும் முதுகுதான் கிடைக்கும். எனவே, அது வரும் வழியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

படி 1: வழியைக் கண்டுபிடியுங்கள்

டூசான் நகரின் இருபுறமும் பரந்திருக்கும் சாகுவாரோ தேசியப் பூங்கா தொடங்குவதற்கு நல்ல இடம். முந்தின நாள் மாலையே ஒரு சுற்று வாருங்கள். வறண்ட ஓடைகள், சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் மரங்கள், சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் ஆகியவற்றின் ஓரங்களைப் பாருங்கள். மணலில் கால் தடங்களும் புழுதிக் குளியல் போட்ட சிறு குழிகளும் தெரிந்தால் அதுதான் பாதை. தானியம் தூவி வரவழைக்கலாமே என்று தோன்றும்; தேசியப் பூங்காவில் விலங்கு, பறவைகளுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம்.

படி 2: விடியுமுன் உட்காருங்கள்

இரவில் புதர்களிலும் மரங்களிலும் தங்கும் காடைகள், விடிந்ததும் இறங்கி மேயும். வெயில் ஏறினால் நிழலுக்குப் போய்விடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருமாறு இடம் பாருங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு கேமரா இறங்க வேண்டும். நின்றபடி எடுத்தால் தரைதான் பின்னணியாகும். உட்காருமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்: கிலுகிலுப்பைப் பாம்பும் தேளும் இருக்கும் ஊர். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் சோய்யா கள்ளி முள்ளைத் தள்ளிவிட ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள், கையால் தொடாதீர்கள். தரையில் உட்கார முடியாதவர்கள் சாலையோரம் வண்டி நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் காருக்குள்ளிருந்தே எடுக்கலாம். இறங்காதவரை காடைகள் காரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

படி 3: கேமரா அமைப்பு

400 மி.மீ. லென்ஸ் போதும். நடக்கும் காடைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, ஓடினால் 1/2000. அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்துவிட்டு ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதுவே நல்லது. வெளிர் மணலைப் பார்த்து கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். ஆணின் கறுப்பு முகம் வெறும் மைத்துளி போல ஆகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) +0.3 முதல் +0.7 வரை ஏற்றுங்கள். முகத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோடு வெளுத்துப்போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் பறவையை விட்டுவிடுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். 'சி-கா-கோ-கோ' என்று குரல் கேட்கும் (சிகாகோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சற்று நேரத்தில் ஒரு காடை வெட்டவெளிக்கு வரும். உடனே கேமராவைத் திருப்பினால் அது உறைந்துபோகும், பின்னால் வரும் கூட்டமும் நின்றுவிடும். அசையாமல் இருங்கள். நாலைந்து வெளியே வந்து மேயத் தொடங்கிய பிறகு மெதுவாகக் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மேயும்போது தலை குனிந்தே இருக்கும்; நிமிரும் நொடிக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஒரு ஆண் காடை புதர் உச்சியில் ஏறிக் காவல் நிற்பதும் உண்டு. வானத்தின் பின்னணியில் கொண்டை தனித்துத் தெரிய அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

வசந்த காலத்தில் குஞ்சுகளோடு வரும் குடும்பத்தைப் பார்த்தால் தாய்க்கும் குஞ்சுக்கும் நடுவே போகாதீர்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டு ஆணை வரவழைக்கும் பழக்கமும் வேண்டாம்.

வெயில் ஏறியதும் தரையை ஒட்டிக் காற்று நெளியத் தொடங்கும். அப்புறம் எடுப்பதெல்லாம் ஃபோகஸ் தவறியது போலவே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மூட்டை கட்டிவிட்டு, மாலை மேய்ச்சலுக்கு அதே இடத்துக்கு வாருங்கள்.