ஆபீஸ் முடிந்து வந்து டிரெய்னரில் ஏறுவது எப்படி: மழைக்காலச் சைக்கிள் பயிற்சி

சென்னையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஆஃப் சீசன் என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். வேளச்சேரியில் தண்ணீர் தேங்கி, பள்ளம் எது சாலை எது என்று தெரியாத இருட்டில் ரைடு போங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் டிரெய்னர்தான் வழி, அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்டாண்டு. ஆனால் டிரெய்னர் வாங்கிய முதல் மழைக்காலத்தில் மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டேன். சோழிங்கநல்லூரிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது மணி ஏழு தாண்டிவிடும், சைக்கிளைப் பார்த்தாலே அலுப்பு வரும். மனசில் உறுதி இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பசியும் சூடும்தான் பிரச்சினை. இரண்டையும் சரி செய்த அடுத்த வருடம், ஜனவரியில் 200 கிலோமீட்டர் பிஆர்எம்மை (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) அதற்குரிய 13½ மணி நேரத்துக்குள் முடித்தேன்.

படி 1: ஐந்து மணிக்குச் சாப்பிடுங்கள்

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குப் பெடல் மிதித்தால் காலில் ஒன்றும் இருக்காது. வெறும் டீ போதாது. இரண்டு வாழைப்பழம், இல்லை ஒரு கிண்ணம் சுண்டல். பஜ்ஜி மட்டும் வேண்டாம், மிதிக்கும்போது நெஞ்சிலேயே நிற்கும்.

படி 2: காலையிலேயே எல்லாம் தயார்

சைக்கிளை டிரெய்னரில் மாட்டுவது எப்படி என்று பெட்டியில் வரும் தாளிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். ஆபீஸ் கிளம்பும் முன்பே ஷார்ட்ஸ் பாத்ரூம் கதவில் தொங்க வேண்டும், பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சோஃபாவில் உட்காராதீர்கள். முகம் கழுவி, உடை மாற்றி, நேரே சைக்கிள்.

படி 3: ஃபேன்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் தசை செலவழிக்கும் சக்தியில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடாக வெளியே வருகிறது. 150 வாட்டில் மிதித்தால் உடம்பிலிருந்து 450 வாட்டுக்குக் குறையாமல் சூடு கிளம்பும், அதாவது ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸில் கிட்டத்தட்ட பாதி. ஈசிஆரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தக் காற்றே நம்மை ஆற்றிவிடும். வீட்டுக்குள் அது கிடையாது. போதாததற்கு மழைக்கால ஈரப்பதம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், சொட்டித் தரையில் விழும் வியர்வையால் பலன் இல்லை. நானோ சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையெல்லாம் மூடிவிட்டு, சீலிங் ஃபேன் போதும் என்று இருந்தேன். இருபதாவது நிமிடத்தில் இதயத் துடிப்பு 172-ஐத் தொடும், தலை கனக்கும், இறங்கிவிடுவேன். மறுநாள் ஏறவே மனசு வராது.

சரி, செய்ய வேண்டியது இது. ஒரு பெடஸ்டல் ஃபேனை முன்னால் நான்கடி தள்ளி, நெஞ்சு உயரத்தில், முழு வேகத்தில் வையுங்கள். சாரல் வராத பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்துவிடுங்கள். அதே கியரில், அதே வேகத்தில் எனக்குத் துடிப்பு 155-க்கு இறங்கியது. ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டைப் போர்த்துங்கள், வியர்வை உப்பு போல்ட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும். பாட்டிலில் எலுமிச்சை, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு.

படி 4: பத்து நிமிடம் மட்டும்

லேசான கியரில் பத்து நிமிடம் மிதிப்பேன் என்று மட்டும் முடிவெடுத்து ஏறுங்கள். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் இறங்கிவிடலாம், அன்றைய கணக்கு முடிந்தது. போன சீசன் முழுக்க நான் அப்படி இறங்கியது நான்கே நாள். தொடர்ந்தால், பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில் இருபது நிமிடம், பிறகு மூன்று நிமிடம் கடினமாக, இரண்டு நிமிடம் லேசாக, இப்படி இரண்டு முறை. மொத்தம் நாற்பது. செவ்வாய், வியாழன் இரண்டு நாள் போதும், ஆரம்பத்திலேயே ஐந்து நாள் திட்டம் போடாதீர்கள். ஞாயிறு காலை வானம் வெளுத்திருந்தால் முட்டுக்காடு வரை போய் வாருங்கள், அந்த ஒரு ரைடுக்காகவே வாரம் முழுவதும் மிதிக்கத் தோன்றும்.

கருவிகளைப் பற்றி: முதல் வருடத்துக்குப் பின்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் சாதாரண மேக்னடிக் டிரெய்னரே போதும். ஸ்மார்ட் டிரெய்னருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் நல்ல ஃபேன் வாங்குங்கள். கணக்கு வைக்க ஆப்பைவிட மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர்தான் எனக்குப் பிடிக்கும். ஓட்டிய தேதியைச் சுழித்து வைத்தால் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்கிறார்: தடித்த ரப்பர் பாய் விரியுங்கள், இரவு ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், ஒருமுறை நேரில் போய்ப் பேசியும் விடுங்கள். எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) டயரில் ஓட்டலாமா: வேண்டாம், பட்டன் டயர் டிரெய்னரில் இரையும், சீக்கிரம் தேயும், வழவழப்பான டயர் மாற்றுங்கள்.

மழையில் கரண்ட் போனால்? இதை நான் எழுத மறந்துவிட்டேன். மேக்னடிக் டிரெய்னருக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் ஃபேன் நின்றுவிடும். பல வீடுகளில் இன்வர்ட்டர் லைன் லைட்டுக்கும் சீலிங் ஃபேனுக்கும் மட்டும்தான் போகிறது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒரு பிளக் பாயிண்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்வர்ட்டரே இல்லை என்றால் கடினமான பகுதியை விட்டுவிட்டு, லேசாக ஐந்து நிமிடம் மிதித்து இறங்கிவிடுங்கள். காலண்டரில் அந்தத் தேதியையும் சுழிக்கலாம்.