இமாமைப் பின்பற்றித் தொழுபவர் ஓதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1801ஆம் ஆண்டில் காதர் முகைதீன் தலைமையில் உருவான பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில், ஷாஃபிஈ மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பிரிவை) பின்பற்றும் மலாய்க்காரரும் மரைக்காயரும், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ராவுத்தரும் ஒரே ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்பது இயல்பு. அந்த அழகிலிருந்தே ஒரு குழப்பமும் பிறக்கிறது. தம் மத்ஹபின் சட்டத்தைக் கேட்டறியாமல், பக்கத்தில் நிற்பவரின் உதடு அசைந்தால் தாமும் ஓதுவதும், அசையாவிட்டால் தாமும் நிறுத்திக்கொள்வதுமாகப் பலர் தொழுதுவருகிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபில், பின்பற்றித் தொழுபவரும் ஒவ்வொரு ரக்அத்திலும் (தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும்) அல்ஹம்து சூராவை, அதாவது குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை, ஓதுவது கட்டாயமாகும்; அதை ஓதாதவருக்குத் தொழுகை இல்லை என்ற நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. ஹனஃபி மத்ஹபிலோ, குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருக்கும்படி கூறும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனத்தை முன்வைத்து, இமாம் சத்தமாக ஓதினாலும் மெதுவாக ஓதினாலும் பின்னால் நிற்பவர் ஓதக் கூடாது என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. மாலை மக்ரிபில் ஒன்று, நண்பகல் லுஹரில் மற்றொன்று என்று மனம்போல மாற்றிக்கொள்வதற்குத்தான் இடமில்லை.

ஓத வேண்டியவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு, வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதாகும். நாவும் உதடும் அசைந்து, இரைச்சல் இல்லாத இடத்தில் தம் காதுக்கே கேட்கும் அளவுக்கு ஒலி வந்தால்தான் ஷாஃபிஈ சட்டப்படி அது ஓதுதல் ஆகும். அடுத்தவருக்குக் கேட்கும்படி முணுமுணுப்பதும் தவறே; ஒருவர் ஓதுவதால் மற்றவர் தொல்லைப்படக் கூடாது என்று நபிகள் நாயகம் தடுத்திருக்கிறார்கள். ஃபாத்திஹாவின் ஏழு வசனங்களில் ஷத்து (எழுத்தை இரட்டித்து அழுத்தும் குறி) வரும் பதினான்கு இடங்களும் கவனத்துக்குரியவை. 'இய்யாக்க' என்பதை அழுத்தமின்றி 'இயாக்க' என்று ஓதுவதும், 'அன்அம்த்த' என்பதை 'அன்அம்த்து' என்று ஓதுவதும் பொருளையே மாற்றிவிடும். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் ஒருமுறையாவது ஹஜ்ரத்திடம் (மார்க்க ஆசிரியரிடம்) ஓதிக் காட்டுவது நல்லது, ஏனெனில் அரபியில் வெவ்வேறான இரு எழுத்துகளுக்கும் அங்கே ஒரே 'ஹ'தான் இருக்கும்.

இமாம் 'வலள்ளால்லீன்' என்று ஃபாத்திஹாவை முடிப்பதற்கு முன்பே சிலர் ஆமீன் சொல்லிவிடுகிறார்கள். ஷாஃபிஈயினர் இமாமோடு சேர்ந்து சத்தமாகவும், ஹனஃபியினர் மெதுவாகவும் சொல்வார்கள். தம் அல்ஹம்து சூராவின் நடுவில் இருக்கும் ஷாஃபிஈ, இமாமின் ஃபாத்திஹாவுக்கு ஆமீன் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தும்மிவிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னால் தொடர்ச்சி முறிந்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓத நேரும்.

அதிகாலை ஸுப்ஹில் ஷாஃபிஈ இமாம் குனூத் (நின்றபடி ஓதும் பிரார்த்தனை) ஓதும்போது, துஆ (வேண்டுதல்) பகுதிக்கு ஆமீன் சொல்லி, புகழ்ச்சிப் பகுதியை மெதுவாக ஓதுவது ஷாஃபிஈயினரின் முறை. ஹனஃபியினர் மௌனமாக நிற்பார்கள்.

பிந்தி வருபவரின் அவசரம் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இமாம் ருகூவில் (குனிந்த நிலையில்) இருப்பதைக் கண்டு ஓடிவந்து, குனிந்துகொண்டே முதல் தக்பீரை ('அல்லாஹு அக்பர்') சொல்பவரின் தொழுகை தொடங்கவே இல்லை. நிமிர்ந்து நின்று தக்பீரை முழுமையாகச் சொன்ன பிறகே குனிய வேண்டும். இமாம் நின்றுகொண்டிருக்கும்போது வந்து சேரும் ஷாஃபிஈ, நேரம் போதாது என்று தோன்றினால் வஜ்ஜஹ்துவை (தொடக்கப் பிரார்த்தனையை) விட்டுவிட்டு நேராக ஃபாத்திஹாவைத் தொடங்க வேண்டும். அதற்குள் இமாம் குனிந்துவிட்டால் ஓதியவரை போதும், உடன் குனியலாம். வஜ்ஜஹ்துவில் நேரத்தைச் செலவிட்டிருந்தாலோ, அந்த அளவுக்கு ஃபாத்திஹாவை ஓதிய பிறகே ருகூவுக்குப் போக வேண்டும். தொடக்கத்திலிருந்தே இமாமோடு நின்றவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓதுவதில் மெதுவானவர் என்றால் ஃபாத்திஹாவை முடித்துவிட்டு, மூன்று நீண்ட ருக்னுகளுக்கு (தொழுகையின் கட்டாய அங்கங்களுக்கு) மேல் பின்தங்காமல் இமாமைச் சென்றடைய வேண்டும்.

இஷாவில் கடைசி இரண்டு ரக்அத்துகளை மட்டும் அடைந்தவர், இமாம் இரண்டு ஸலாமும் கொடுத்த பிறகு எழுந்து, விடுபட்ட இரண்டிலும் அல்ஹம்துவோடு நிறுத்திவிடுவதைக் காண்கிறோம். ஹனஃபியினருக்கு அவற்றில் துணைச் சூரா (ஃபாத்திஹாவுக்குப் பின் ஓதும் வேறு குர்ஆன் பகுதி) வாஜிப் (அவசியம்). இமாமோடு ஓத வாய்ப்புக் கிடைக்காத ஷாஃபிஈயினருக்கும் அங்கே அதை ஓதுவது ஸுன்னத் (விரும்பத்தக்கது).