அந்நிய முதலீட்டுக்கு வழி தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் தொழில் தொடங்க வரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது எங்கள் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களின் குறிப்புகளைப் படித்தால், ஒரு காலத்தில் நாங்கள் எழுதியவையே திரும்பி வந்ததுபோல் இருக்கின்றன. வரி விகிதம், துறைவாரி உச்சவரம்பு (ஒரு துறையில் வெளிநாட்டவர் எத்தனை சதவீதம் வைத்திருக்கலாம் என்ற எல்லை) போன்றவற்றை எல்லோருமே சரிபார்த்துவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். எந்த வழியில் நுழைவது, அதாவது உள்ளூர்க் கூட்டாளியோடு கூட்டு நிறுவனமா, முழு உரிமையுள்ள துணை நிறுவனமா, இருக்கும் நிறுவனத்தை வாங்குவதா என்பதில் நேரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வெளியேறும் விலை ஒப்பந்தத்தில் இருந்தால் போதும் என்று நம்புவது

2009-ல் ஜப்பானின் தொலைத்தொடர்பு நிறுவனமான டோகோமோ, டாடா குழுமத்தின் டாடா டெலிசர்வீசஸில் சுமார் 26 சதவீதப் பங்கை வாங்கியது. குறிப்பிட்ட இலக்குகள் எட்டப்படாவிட்டால், வாங்கிய விலையில் பாதியாவது கிடைக்கும்படி பங்கை வாங்க டாடா ஆள் பிடித்துத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். 2014-ல் டோகோமோ அதைக் கேட்டது. பாதி விலை என்றால் பங்குக்கு 58 ரூபாய். மதிப்பீட்டில் வந்ததோ 23 ரூபாய் சொச்சம். வெளிநாட்டவர் இந்தியரிடம் பங்கை விற்கும்போது நியாய மதிப்புக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்நியச் செலாவணி விதி. ரிசர்வ் வங்கி அனுமதி மறுத்தது. 2016-ல் லண்டன் நடுவர் தீர்ப்பாயம் சுமார் 117 கோடி டாலர் தரச் சொன்னது. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்றது.

"கடைசியில் டோகோமோவுக்குப் பணம் வந்துவிட்டதே" என்று ஒரு இளைய சகா சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. வந்த பணம் பங்கின் விலையாக வரவில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்கான இழப்பீடாக வந்தது. அதற்கும் மூன்று ஆண்டு வழக்கு. 2014 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, விற்கும் உரிமையை எழுதிக்கொள்ளலாம், ஆனால் உறுதியான லாபம் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் "ஆண்டுக்கு இத்தனை சதவீதம் நிச்சயம்" என்ற வரியோடு வரைவுகள் என் மேசைக்கு வருகின்றன.

கூட்டு நிறுவனம்தான் என்று முடிவெடுக்கும் முன்பே கேளுங்கள்: நாளை யார் வாங்குவார், என்ன விலைக்கு, யார் அனுமதியோடு? வாங்குபவரும் வெளிநாட்டவர் என்றால் அந்த விலை வரம்பு கிடையாது. அப்படி ஒருவருக்கு விற்கும் வழியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். பதில் எதுவுமே நிற்கவில்லையா, முழு உரிமையுள்ள துணை நிறுவனத்தை மறுபடி யோசியுங்கள்.

உள்ளூர்க் கூட்டாளி கட்டாயம் என்று எண்ணுவது

1995-ல் ஃபோர்டு மஹிந்திராவோடு சேர்ந்து வந்தது. மறு ஆண்டே ஹூண்டாய் தனியாக நிறுவனம் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி, 1998-ல் சான்ட்ரோ காரை இறக்கியது. கொரிய உதிரிபாக நிறுவனங்களையும் கூடவே அழைத்து வந்தது. உங்களிடம் இல்லாத எதைக் கூட்டாளி தருவார் என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அவர் தேவையில்லை.

கடைகளை வாங்கினால் வாடிக்கையாளரும் வருவார் என்று நினைப்பது

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் 1997-லும் 1998-லும் ஜெர்மனியில் இரண்டு கடைச் சங்கிலிகளை வாங்கியது. கடைகள் கைக்கு வந்தன, வாடிக்கையாளர் எதிர்பார்த்தபடி வரவில்லை. 2006-ல் மெட்ரோ என்ற ஜெர்மன் வணிக நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது.

ஐம்பதுக்கு ஐம்பது

கூட்டு நிறுவனத்தில் இரு கூட்டாளிகளுக்கும் சரிபாதிப் பங்கு என்றால், இருவரும் முரண்படும்போது யார் சொல்வது நடக்கும் என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.