மதில் தூரம் மட்டும் போதாது: பேஸ்பால் மைதானங்களை எடைபோடுவதில் நேரும் தவறுகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் பேஸ்பால் பக்கம் வந்ததும் முதலில் கேட்பது, "பவுண்டரி எவ்வளவு தூரம்?" நியாயமான கேள்விதான். பந்து வீசும் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே உள்ள 60 அடி 6 அங்குலமும், ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையிலான 90 அடியும் எங்கும் மாறாது. அதற்கு அப்பால் புல்வெளியின் பரப்பும் எல்லை மதிலின் உயரமும் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் அந்தத் தூரத்தை மட்டும் வைத்து மைதானத்துக்கு மதிப்பெண் போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

டென்வரின் கூர்ஸ் ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். பேட்டரிடமிருந்து மதிலுக்கு இடது ஓரத்தில் 347 அடி, நடுவில் 415 அடி. எண்ணைப் பார்த்தால் பிட்சர்களுக்குச் சாதகமான இடம் என்றே தோன்றும். 1999-இல் அங்கே விழுந்த ஹோம் ரன்களோ (மதிலைத் தாண்டும் அடிகள்) 303! மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், கடலோர ஊரில் 400 அடி போகும் பந்து இங்கே இன்னும் 20 அடியாவது கூடுதலாகப் போகும்.

பலரும் விளக்கத்தை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது அடுத்த தவறு. சுழலும் பந்தை வளைப்பதும் காற்றுதான். அது மெலிந்தால் பிட்சர் வீசும் கர்வ் பால் வழக்கம்போல வளையாது. பந்து பறந்துவிடுமே என்று மதில்களைத் தள்ளிக் கட்டியதால் அவுட்ஃபீல்ட் மிகப் பெரிதாகிவிட்டது. மூன்றே பேர் அத்தனை பரப்பையும் காக்க வேண்டும். ஹோம் ரன்னைத் தடுக்கச் செய்த ஏற்பாடே சிங்கிள், டபுள், டிரிபிள் (பேட்டர் ஒன்று, இரண்டு, மூன்று பேஸ் வரை ஓடிச் சேரும் அடிகள்) மூன்றையும் பெருக்கிவிட்டது. 2002-இல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கத் தொடங்கியதும் ஹோம் ரன்கள் குறைந்தன. ஆனாலும் ரன் குவிப்பில் கூர்ஸ் ஃபீல்ட் பின்தங்கிவிடவில்லை.

பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் கதை வேறு. இடது ஓரம் வெறும் 310 அடி. ஆனால் அங்கே நிற்பது 37 அடி உயரச் சுவர். வேறு ஊரில் சாதாரண கேட்ச் ஆகக்கூடிய உயரமான அடி இங்கே சுவரைத் தாண்டிவிடும்; வேறு ஊரில் ஹோம் ரன் ஆகக்கூடிய தாழ்வான, வேகமான அடி சுவரில் மோதி டபுளோடு நின்றுவிடும். இங்கே பார்க்க வேண்டியது டபுள்களின் எண்ணிக்கையை.

பக்கவாட்டு எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே கிடக்கும் இடத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 2024 வரை ஓக்லாந்து அணியின் சொந்த மைதானமாக இருந்த ஓக்லாந்து கொலிசியத்தில் அந்தப் பரப்பு மிகப் பெரியது. மற்ற ஊர்களில் பார்வையாளர் மத்தியில் விழுந்து பேட்டருக்கு மறுவாய்ப்புத் தரும் பந்து, அங்கே கேட்ச் ஆகி அவுட்டாகிவிடும் நிலை இருந்தது.

வலது கை, இடது கை பேட்டர்களை ஒரே தட்டில் வைப்பதும் தவறு. பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் 2022-இல் இடதுபக்க மதிலைப் பின்னுக்குத் தள்ளி 7 அடியிலிருந்து 13 அடியாக உயர்த்தினார்கள். அடி வாங்கியவர்கள் அந்தப் பக்கம் இழுத்து அடிக்கும் வலது கைக்காரர்கள். இடது கைக்காரர்களுக்கு அநேகமாக எந்த மாற்றமும் இல்லை. மூன்று சீசன்களுக்குப் பிறகு அதே மதிலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது, மைதானத்தின் பெயரைச் சொல்லியே வீரரின் உழைப்பைத் தள்ளுபடி செய்வது. கூர்ஸ் ஃபீல்டைச் சொந்த மைதானமாகக் கொண்ட லாரி வாக்கர் 1997-இல் 49 ஹோம் ரன்கள் அடித்தார். "அந்தக் காற்றில் யாரும் அடிப்பார்கள்" என்பவர்கள், அவற்றில் 29 வெளியூர்களில் வந்தவை என்பதைப் பார்ப்பதில்லை. பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்க அவர் 2020 வரை, வாக்கெடுப்பின் கடைசி வாய்ப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியூர்க் கணக்கு ஒன்றே உண்மையான திறமை என்று மறுபக்கம் சாய்வதும் சரியல்ல. டென்வரில் வளையாத பந்துக்குப் பழகிய கண், அடுத்த வாரம் கடலோர ஊரில் நன்றாக வளையும் பந்தைச் சந்திக்க வேண்டும். டென்வர் அணி வீரர்கள் பல ஆண்டுகளாக இந்தச் சிரமத்தைச் சொல்லிவருகிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒரே எண்ணில் அடக்கப் பார்ப்பதுதான் 'பார்க் ஃபேக்டர்'. ஓர் அணியின் சொந்த மைதானத்தில் இரு தரப்பும் எடுத்த ரன்களை, அதே அணியின் வெளியூர் ஆட்டங்களில் வந்த ரன்களோடு ஒப்பிடுகிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் ஒரு சீசன் கணக்கை நம்பிவிடாதீர்கள். மூன்று ஆண்டுகளையாவது சேர்த்துப் பாருங்கள். அப்போதும் சராசரி மறைக்கும் விஷயங்கள் உண்டு. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் மிச்சிகன் ஏரியிலிருந்து காற்று உள்ளே வீசினால் மதில் நோக்கிப் போகும் பந்து செத்து விழும். வெளிப்பக்கம் வீசினால்? 1979 மே 17 அன்று அப்படி வீசியது. பிலடெல்ஃபியா 23, சிகாகோ 22.