பயணத்தில் முதல் டாட்டூ: எந்த நாளில், எங்கே, எப்படிக் குத்திக்கொள்வது?

சுற்றிப் பார்க்கப் போன ஊரின் நினைவாக ஒரு டாட்டூ குத்திக்கொள்ள வேண்டும் என்று நிறைய பேருக்கு ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் புது டாட்டூ முதலில் ஒரு புண், ஆறிய பிறகுதான் அது படம். ஊசி மேல்தோலைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்குகிறது. வெளிப்பக்கம் ஆறவே 2 முதல் 4 வாரம் ஆகும். கீழே சொல்லியிருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

படி 1: நாளைக் குறியுங்கள்

என் முதல் டாட்டூவை ஒரு கடலோர ஊரில், போய் இறங்கிய மறுநாளே குத்திக்கொண்டேன். கணுக்காலுக்கு மேலே ஒரு சின்ன அலை. அதன்பின் ஒரு வாரம் கடலில் இறங்க முடியவில்லை, மணலில் நடக்கவும் பயம். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது குத்திக்கொள்ளுங்கள். நீச்சலையும் வெயிலையும் அதற்குள் முடித்துவிடலாம். கடைசி நாள் வரை தள்ளவும் வேண்டாம். மறுநாள் போய்க் காட்டிச் சந்தேகம் கேட்க ஒரு நாள் கையில் இருக்கட்டும். காலில் குத்தியிருந்தால், உடனே பல மணி நேரம் விமானத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரும்போது நன்றாக வீங்கிவிடும்.

‘கொஞ்சம் தண்ணீர் பட்டால் என்ன’ என்று நினைக்காதீர்கள். டாட்டூ குத்தி ஐந்தே நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர் இறந்துபோனது 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியா புண் வழியாக உள்ளே போயிருந்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது. இப்படி நடப்பது அரிதுதான். ஆனாலும் கடல், ஆறு, நீச்சல் குளம் மூன்றுமே ஆறும்வரை வேண்டாம். குளியல் போதும்.

படி 2: கிளம்பும் முன்பே ஆளைத் தேடுங்கள்

நடந்து போகும்போது கண்ணில் பட்ட கடைக்குள் நுழைவதுதான் பயணிகள் வழக்கமாகச் செய்யும் தவறு. இன்ஸ்டாகிராமில் தேடும்போது குத்தி முடித்த உடனே எடுத்த பளபளப்பான படங்களை விட்டுவிடுங்கள். ஆறிய டாட்டூக்களின் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடு பிசிறாமல் நிற்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

பாரம்பரிய முறையில் விருப்பம் இருந்தால் அந்தந்த இடத்துக்கே போவது பெரிய அனுபவம். பிலிப்பைன்ஸின் புஸ்கலான் மலைக் கிராமத்தில் எலுமிச்சை இனத்து மர முள்ளைக் கரிமையில் தோய்த்து, குச்சியால் தட்டித் தட்டிக் குத்துகிறார்கள். அங்கேயும் புது முள்தானா என்று தயங்காமல் கேளுங்கள்.

கடற்கரைகளில் ‘வலிக்காத டாட்டூ’ என்று போட்டுவிடும் கறுப்பு மருதாணியை மட்டும் தொடாதீர்கள். கறுப்பு நிறத்துக்காக அதில் தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்ப்பதுண்டு. கொப்புளம் வெடித்துத் தழும்பே நின்றுவிடலாம்.

படி 3: படத்தை யோசியுங்கள்

தெரியாத மொழி எழுத்து என்றால், அதைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். மதச் சின்னம் என்றால் இன்னும் கவனம் தேவை. கையில் புத்தர் டாட்டூவோடு வந்த பிரிட்டிஷ் பெண் ஒருவரை 2014-ல் இலங்கை திருப்பி அனுப்பியது. 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கியது என்றாலும் அவர் பட்ட பாடு பட்டதுதான். ஜப்பானில் பல வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்களில் டாட்டூ தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

படி 4: நாற்காலியில் உட்காரும் முன்

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முந்தைய நாளிலிருந்தே மது வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். வெயிலில் கன்றிய தோலில் நல்ல கலைஞர் யாரும் குத்தமாட்டார். அதனால் அந்த இடத்தை முன்கூட்டியே மூடிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கலைஞரின் கையைப் பாருங்கள். ஊசி இருக்கும் பொட்டலம் முத்திரையோடு இருக்க வேண்டும், அதை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். பொட்டலத்தில் காலாவதித் தேதி இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். மையைப் பெரிய பாட்டிலிலிருந்து விரல்நுனி அளவுச் சின்ன மூடிகளில் ஊற்றுவார். மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். கையுறையோடு போனைத் தொட்டால் கையுறையை மாற்றச் சொல்லுங்கள். கேட்பதில் சங்கடமே வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இரண்டும் பரவுவது இப்படிப்பட்ட சின்ன அசட்டையில்தான். பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை.

அடுத்து ஸ்டென்சில், அதாவது குத்தும் முன் படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாள். தாளை ஒட்டி உரித்ததும் தோலில் ஊதா நிறக் கோடுகள் நிற்கும். உடனே தலையாட்டிவிடாதீர்கள். எழுந்து இயல்பாக நின்று கண்ணாடியில் பாருங்கள். கையை மடக்கினால் படம் கோணுகிறதா? எழுத்து சரியா? பிடிக்கவில்லை என்றால் அழித்து மறுபடி ஒட்டச் சொல்லலாம். நான் மூன்று முறை மாற்றச் சொன்னதுண்டு, அவர் முகம் சுளிக்கவே இல்லை.

படி 5: ஆறும் வரை

கையைக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத சோப்பால் தினம் இரண்டு மூன்று முறை மெதுவாகக் கழுவி, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். துண்டால் தேய்க்க வேண்டாம். மேலே களிம்பு மெல்லிசாகப் போதும். கலைஞர் ஒளிபுகும் படலம் ஒட்டியிருந்தால் அவர் சொன்ன நாள்வரை பிரிக்காதீர்கள். முதல் இரவு நீர் கசிந்து விரிப்பில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள். பை வார் உரசும் தோளில் குத்தியிருந்தால் பையை மறுதோளுக்கு மாற்றுங்கள். வெயிலுக்குத் தளர்ந்த பருத்தித் துணிதான். புண் ஆறிய பிறகே சன்ஸ்கிரீன்.

சில நாளில் தோல் உரியும், அரிக்கும். சொறியாதீர்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, சீழ் வடிகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் ரத்ததானம் செய்பவரென்றால் இனி சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டியிருக்கும். கால அளவு நாட்டுக்கு நாடு மாறும், ரத்த வங்கியில் தேதியைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கலைஞருக்கு அனுப்புங்கள். எங்காவது மை விட்டுப்போயிருந்தால், எந்த அளவு ஊசி, எந்த மை என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு உங்கள் ஊர்க் கலைஞரிடம் சரிசெய்துகொள்ளலாம்.