"ஒரு லீட்டர் தண்ணியில கரைச்சுக் குடுங்க": உப்பிலும் தண்ணீரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்த சுகாதாரத் தொண்டர் பிள்ளைகள் இருவரோடு போயிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் மூன்றாவது காம்பிராவில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றோட்டம். ஒரு பிள்ளை பையிலிருந்து, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பும் குளுக்கோஸும் கலந்த தூளான ஜீவனி பாக்கெட் இரண்டை எடுத்துத் தாயின் கையில் வைத்து, "ஒரு லீட்டர் தண்ணியில கரைச்சுக் குடுங்கக்கா" என்றாள். தாய் தலையாட்டினாள். பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த காம்பிராவுக்கு நகர்ந்தாள். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், மருத்துவமாதாக வேலைக்கு வந்த புதிதில், அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு அதே மாதிரி நகர்ந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கை கழுவுவது, குடத்தை மூடி வைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"லீட்டர்" என்று சொல்லிவிட்டு வருவது

அன்று நான் பாக்கெட் கொடுத்த வீட்டில் பதினொரு மாதப் பையன். தாய் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் அப்பாயிதான் பார்த்துக்கொள்வார். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் குழந்தைக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. நாக்கு காய்ந்து கிடக்கிறது, தொட்டாலே வீறிட்டு அழுகிறது. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பாத்திரத்தில் கரைத்தார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாயியைக் கேட்டோம். அவர் முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் காட்டினார். இருநூறு மில்லிலீட்டர் பிடிக்கும் டம்ளர். முழு பாக்கெட்டையும் அதில் கொட்டிக் கரைத்திருக்கிறார். பிள்ளை ஆசையாகக் குடிக்கிறதே என்று இன்னொரு பாக்கெட்டையும் அப்படியே கரைத்துக் கொடுத்திருக்கிறார்.

அது ஆசையில் குடித்ததில்லை. தாகத்தில் குடித்தது.

ஒரு பாக்கெட்டில் 20.5 கிராம் மருந்து இருக்கிறது. அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, மீதி பொட்டாசியம் குளோரைட்டும் சோடியம் சிட்ரேட்டும். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே போகும். அவை போகும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். வயிற்றோட்டம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த வாசல் மட்டும் திறந்தே இருக்கும். அதனால்தான் வெறும் தண்ணீரால் முடியாததை உப்பும் சீனியும் சேர்ந்த தண்ணீர் செய்கிறது.

இதெல்லாம் அளவு சரியாக இருந்தால்தான். ஒரு லீட்டரில் கரைத்தால் கரைசலின் செறிவு 245 மில்லிஒஸ்மோல். நம் இரத்தம் ஏறக்குறைய 290. கரைசல் சற்று நீர்த்திருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. அதே பாக்கெட்டை டம்ளரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகிறது. அப்போது தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குத் திரும்பி ஓடும், வயிற்றோட்டம் கூடும். இரத்தத்தில் உப்பு ஏற ஏறப் பிள்ளைக்குத் தாகம் தாங்காது. அழும் பிள்ளைக்கு வீட்டில் உள்ளவர்கள் அதே டம்ளரையே நீட்டுவார்கள். கடைசியில் வலிப்பு வரும்.

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கவும் முடியாது. அவசரப்பட்டு இறக்கினால் மூளை வீங்கிவிடும். மெல்ல மெல்லத்தான் இறக்கினார்கள், எட்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். பையன் பிழைத்தான். அந்த எட்டு நாளும் அப்பாயி வார்டு வராந்தாவில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தன்னால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டார். அவர் தப்பு செய்யவில்லை. ஒரு லீட்டர் என்றால் எவ்வளவு என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டியவள் நான்.

1971இல் வங்காள அகதிகள் இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் பொங்காவ் முகாமில் கொலராவில் விழுந்தபோது, ஏற்றுவதற்குச் சேலைன் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்த உப்புச் சீனித் தண்ணீரைத்தான் கொடுத்தார். முப்பது வீதம் வரை போயிருந்த சாவு நான்கு வீதத்துக்கும் கீழே வந்தது. அங்கே உப்பையும் குளுக்கோஸையும் முன்கூட்டியே நிறுத்துப் பொதி கட்டி, பெரிய பீப்பாய்களில் அளந்து கரைத்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் கப்பில் பிடித்து ஊட்டினால் போதும். நம் லயத்தில் பீப்பாய் இல்லை. அளக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. பாக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அதனால்தான்.

இப்போது நான் செய்வது இது. ஒரு லீட்டர் வெற்றுப் போத்தல் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். "எதுல கரைப்பீங்க, அதை எடுத்துட்டு வாங்க" என்பேன். ஜக்கோ, சட்டியோ, பால்மா டின்னோ, எது வந்தாலும் சரி. போத்தல் நிறையக் கொதித்தாறிய தண்ணீரை எடுத்து அதில் ஊற்றச் சொல்வேன். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஓர் ஆணியால் கீறிவிடுவேன். அப்புறம் அவர்கள் கையாலேயே பாக்கெட்டை வெட்டி, முழுவதையும் கொட்டிக் கலக்க வேண்டும். நான் தொட மாட்டேன். கடைசியில் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்வேன். கண்ணீரை விட உப்பாக இருந்தால் எங்கோ பிழை. பத்து நிமிடம் பிடிக்கும் வேலை. கொப்பியில் அன்றைக்கு இரண்டு வீடு குறைவாக இருந்தால் இருக்கட்டும்.

ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலை லீட்டர் என்று நினைத்துக் கரைப்பவர்களும் உண்டு. அப்போது மருந்து நீர்த்துப்போகும். அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இருந்தால் இரண்டு தடவை ஊற்றலாம். கரைத்ததைத் திரும்பக் கொதிக்க வைக்கக் கூடாது, மேலே சீனியும் சேர்க்கக் கூடாது. பாக்கெட் இல்லாத இரவில் ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியை விரலால் தட்டையாக வழித்துவிட்டுத்தான் போட வேண்டும், குவித்துப் போட்டால் கணக்குப் போய்விடும்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீட்டர், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். கண் குழிந்து, சோர்ந்து, குடிக்கவே முடியாமல் கிடந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ கரைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே வைத்தியசாலை.

வயிற்றோட்டத்தில் தாய்ப்பாலை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். சோற்றையும் நிறுத்தாதீர்கள்.

ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு வெறும் தண்ணீர்

வேண்டாம்.

குளிருதே, தாகமே இல்லையே என்று இருப்பது

மலைக்குப் போகும் பெண்கள் இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, மனம்தான் கஷ்டப்படுகிறது. காலையில் ஒரு கப் பிளேன்டீ, பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம், மத்தியானம் ரொட்டியோடு கொஞ்சம். அவ்வளவுதான். பனி மூடிய மலையில் கூடையைச் சுமந்து ஏறி இறங்கினாலும் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். குளிரில் தாகம் தெரியாது. தெரிந்தாலும் குடிக்க மாட்டார்கள், ஏனென்றால் மலையில் கக்கூஸ் இல்லை. ஒதுங்க இடம் தேடிப் போனால் அட்டை, ஆள் நடமாட்டம், கொழுந்தும் குறையும். அடக்கி அடக்கியே சிறுநீர்க் கடுப்போடும் அடிவயிற்று வலியோடும் வருகிறார்கள்.

இவர்களிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு வருவதும் மேலே சொன்ன லீட்டர் பிழை மாதிரித்தான். கொழுந்து பறிக்கும் நிரைக்குப் பக்கத்தில் ஒரு கக்கூஸ் வேண்டும் என்று தலைவர்மாரிடமும் தோட்டத்துத் துரையிடமும் கேட்க வேண்டியது நம் வேலை. அதுவரை நான் சொல்வது: மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை. தேசிக்காய்த் தண்ணீர் நிறத்தில் போனால் சரி. வீட்டிலிருந்து கிளம்பும்போதும் வேலை முடிந்து வந்தவுடனும் ஒவ்வொரு பெரிய கப் தண்ணீர். தேத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில் சேரும். சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் மட்டும் குடிக்காதீர்கள், சாயம் இரும்பைச் சேரவிடாது.

மலையில் இருபது நிமிடம் கொதிக்க வைப்பது

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அது போதுமா என்று பயந்து இருபது நிமிடம் எரித்து, விறகு தீர்ந்து, மறுநாள் பீலித் தண்ணீரைப் பச்சையாகக் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தளதளவென்று புரண்டு ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும். இறக்கி, மூடி, ஆறவிடுங்கள்.

உப்பு டின்னை அடுப்புக்கு மேலே வைப்பது

1995 முதல் நம் நாட்டில் சமையல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். கழுத்தில் கழலை வராமல் இருக்கவும், வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளைக்கும் அது வேண்டும். சூடும் ஈரமும் பட்டால் அயடீன் குறைந்துவிடும். இறுக்கமான மூடி, அடுப்புக்கு எட்ட ஒரு தட்டு. கல் உப்பைக் கழுவிப் போடாதீர்கள், அயடீன் கழுவிய தண்ணீரோடு போய்விடும். கறியை இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் நல்லது.

பிரஷருக்கு உப்பைக் கறியில் மட்டும் குறைப்பது

ஒரு பெரியவருக்குக் குளிசை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பிரஷர் இறங்கவில்லை. மருமகள் கறிக்கு உப்பே போடுவதில்லை என்று சத்தியம் செய்தாள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ரொட்டி மாவில் உப்பு, கட்டச் சம்பலில் உப்பு, பொரித்த நெத்தலிக் கருவாட்டில் உப்பு. கறி மட்டும்தான் சப்பென்று இருந்தது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தட்டையான ஒரு தேக்கரண்டி உப்புக்குள்தான் எல்லாமே அடங்க வேண்டும். சம்பல் இருக்கும் நாளில் ரொட்டி மாவுக்கு உப்பு வேண்டாம். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு"

அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக வருத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நேற்றுக் கரைத்த ஜீவனி

24 மணித்தியாலம்தான். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கீறல் போட்ட ஜக்கைக் கழுவி, புதுப் பாக்கெட்டைப் பிரியுங்கள்.